வாத்துக்குத் தைத்த கோட்

அத்தியாயம் 9

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மகள் மூன்று நாள் ஷூவுக்குள் மறைத்து வைத்திருந்தாள். நான்காம் நாள் மழை. நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பர் திணிக்கப் போன அண்ணன் கையில் அது சிக்கியது. போன வாரம் அங்கே விட்டோம்.

கடிதத்தில் இரண்டே வரி. வருகைப் பதிவு குறைவு. பெற்றோர் வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் துறைத்தலைவரை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

"கம்ப்யூட்டர் தப்பும்மா. வாத்துக்கும் இதே மாதிரி லெட்டர் வந்துச்சு" என்றாள் மகள்.

வாத்துக்கும் வந்தது என்றதும் அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. இரண்டாம் வருஷம் ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் வாத்தின் பேச்சு இல்லாத நாள் கிடையாது. மகளின் லேப் ஜோடி. நடை வாத்து மாதிரி இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். குடுவையை உடைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாளாம். அம்மா தினமும் இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள். ஒன்று மகளுக்கு, ஒன்று வாத்துக்கு. டப்பா இரண்டும் காலியாகத்தான் திரும்பி வந்தன.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வருஷத்துக்குப் பத்துப் பேரை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும். பட்டியலின் வாலில் அவர்களைப் போடும். அறுபத்தொன்றிலிருந்து எழுபது வரை. எண்ணைச் சொன்னால் போதும், வீடு எங்கே என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மகளின் எண் அறுபத்தாறு. அந்தப் பத்துப் பேரில் இரண்டாம் வருஷத்துக்கு வந்தது அவள் மட்டும்தான்.

இன்று வியாழக்கிழமை.

*

காலை ஏழு மணி. குளிர்கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி இறக்கிவிட்டு வந்த அண்ணன், கம்பளிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து கிடந்தான். அம்மா தையல் மெஷினிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டை உருவி உதறினாள். நாளைக்கு வாத்துக்குப் பிறந்த நாள்.

"கொஞ்சம் நில்லுடி. தோள்ல வச்சுப் பார்த்துக்கறேன்."

"எனக்கு எதுக்கு? அது அவளுக்குத்தானே?"

"வாத்து இங்க வந்து நிக்கப் போறாளா? ரெண்டு பேரும் ஒரே உயரம்னு நீதானே சொன்ன? போடு."

மகள் கையை நுழைத்தாள். தோள் வழிந்தது. மார்புப் பக்கம் அம்மா துணியைக் கையால் பிடித்துப் பார்த்தாள். மூன்று இஞ்ச் பிடிபட்டது.

"உன் வாத்து நல்லா சாப்பிடறவ போல."

"நம்ம வீட்டு டப்பாவும் சேர்த்துத்தானே உள்ள போகுது" என்றான் அண்ணன் கண்ணைத் திறக்காமல். "தேறாம என்ன பண்ணும்? பேரு என்னன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கிறா."

"சொன்னா நீ கிண்டல் பண்ணுவ."

"பண்ணுவேன். அதுக்குத்தான் கேட்கறேன்."

அம்மா சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். மகள் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தாள்.

"நானே அவ கையில குடுத்துடறேன். எப்படியும் வரப் போறேனே" என்றாள் அம்மா.

மகள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. "அவ இன்னைக்கு லீவு."

"நேத்து ஒண்ணும் சொல்லலையே."

"ஜுரம். காலையில மெசேஜ் வந்துச்சு. நீ வரவே வேணாம்மா. நானே பேசிக்கறேன்."

"பெற்றோர்னு போட்டிருக்கு. நீயா எனக்கு அம்மா?" அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். "அப்ப இன்னைக்கு ஒரு டப்பா போதும்."

"இல்ல. ரெண்டே வை."

ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மகள் இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ஏழரை மணிக்குக் கிளம்பினாள். ஒரு நாள்கூட ஏழரை தப்பியதில்லை. அவளுக்குத்தான் வருகை குறைவாம்.

*

அம்மா வேலை செய்வது சீருடை தைக்கும் பட்டறையில். டாக்டர் கோட், நர்ஸ் கோட், லேப் கோட். அந்தக் கல்லூரிக்கும் அங்கிருந்துதான் போகும். ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் பொத்தானுக்குக் காஜா போடுவார். வெட்டுகிறவர் தைக்க மாட்டார், தைக்கிறவர் அளவுச் சீட்டைப் பார்க்க மாட்டார். வாத்தின் கோட்டும் அப்படித்தான். மகள் எழுதிக் கொடுத்த சீட்டை அம்மா மடித்தபடியே கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தாள். அவர் வெட்டிய துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்தாள்.

ஒன்பது மணிக்கு அரை நாள் லீவு சொல்லவும், கோட்டைத் தேய்த்துக்கொள்ளவும் போனாள். தூங்காத மகனும் கூடவே வந்து வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், கண்ணாடி மாத்துங்க. வயசாகுதுன்னு ஒத்துக்கறதுல தப்பில்ல."

"என்னவாம்?"

"இந்தக் கோட்டுல வலது கை அரை இஞ்ச் கூட வெட்டியிருக்கீங்க. நல்ல வேளை, நான் பார்த்தேன். வெட்டிச் சரி பண்ணிட்டேன்."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் அவர் கத்தரியை அப்படி வைத்தால் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார்கள்.

"நான் தப்பா வெட்டினேனா?"

"ரெண்டு கையும் ஒரே அளவுதானே இருக்கணும்? மனுஷக் கை."

"சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் வெட்டுவேன். மனுஷனா மாடான்னு நான் பார்க்கறதில்ல." மேஜைக்கு அடியிலிருந்து தகர டப்பாவை இழுத்து, விரலை நக்கி நக்கிச் சீட்டுகளைத் தள்ளினார். ஒன்றை உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "படிங்க. நல்லா சத்தமா படிங்க. எல்லாரும் கேட்கட்டும்."

அவள் சத்தமாகத்தான் ஆரம்பித்தாள்.

"தோள் பதினஞ்சு. மார்பு முப்பத்தஞ்சு. உயரம் முப்பத்தெட்டு. இடது கை இருபத்திரண்டு. வலது கை இருபத்திரண்டரை..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஆச்சா? யாருக்குக் கண்ணாடி வேணும்?" என்றார் மாஸ்டர். இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

அவள் தன் மெஷின் இழுப்பறையைத் திறந்து அளவு நோட்டை எடுத்தாள். போன வருஷம் கல்லூரி திறந்த மாதத்துப் பக்கம். மகளின் முதல் லேப் கோட்டுக்கு அவளே எடுத்த அளவு. பதினைந்து, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. இடது கை இருபத்திரண்டு, வலது கை இருபத்திரண்டரை. ஆறு வயதில் மாடிப்படியில் விழுந்து மகளின் இடது முழங்கை முறிந்தது. கட்டு சரியாகப் போடவில்லை. அந்த அரை இஞ்ச் அப்படி வந்தது.

ஊரில் எத்தனையோ பெண்களுக்குத் தோள் பதினைந்து இருக்கும். அந்த அரை இஞ்ச் ஒருத்திக்குத்தான் இருக்கிறது.

மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். தோழியின் அளவு என்ன என்று அம்மா கேட்டபோது அதை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கோட்டைத் தேய்க்காமலே பையில் போட்டாள்.

வாசலில் மகன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

"எந்திரிடா."

"தேய்ச்சாச்சா?"

"வாத்துன்னு யாரும் இல்லடா."

"என்னம்மா?"

"இல்ல. அவ்வளவுதான்." இரண்டடி நடந்துவிட்டு நின்றாள். "காலையில அவ மேல மூணு இஞ்ச் தொளதொளன்னு நின்னுதே, அது அவளோட போன வருஷத்து உடம்பு. என் பொண்ணு மூணு இஞ்ச் இளைச்சிருக்கா. நான் துணியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

*

துறைத்தலைவி நல்ல விதமாகப் பேசினாள். அதுதான் அந்த அறையில் இருந்த பெரிய தொல்லை.

மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கோப்புகள் அடுக்கியிருந்தன. இன்னொன்றில் துறைத்தலைவியின் கைப்பை. அவள் பின்னால் ஹேங்கரில் ஒரு வெள்ளைக் கோட் தொங்கியது. காஜாவைப் பார்த்ததும் தன் பட்டறைக் கோட் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. இரண்டாவது பொத்தான் நூல் விட்டிருந்தது. அம்மாவும் மகனும் நின்றார்கள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள் துறைத்தலைவி. "ஆனா இந்தப் பருவத்துல லேப் நாற்பத்திநாலு. வந்தது மூணு."

"தினமும் வரா."

"பதிவு இல்லையே."

"ஏழரைக்குக் கிளம்பறா. நான்தான் டப்பா கட்டறேன்."

"நான் புரிய வைக்கறேன்." துறைத்தலைவி ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். மேலே இரண்டு பெயர் எழுதக் கோடு, கீழே இரண்டு கையெழுத்துக்குக் கோடு. "லேப்ல இந்த ஜோடித் தாள்தான் வருகை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு லேப் ஆசிரியர்கிட்ட குடுக்கணும். ஒரு கையெழுத்தோட குடுத்தா வாங்க மாட்டோம். விதி அப்படி."

"அவளுக்கு ஜோடி யாரு?"

"அமையல."

"ஏன்?"

"அது பசங்க விருப்பம். இவங்களோடதான் நிக்கணும்னு நாங்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுங்க."

"அந்த மூணு நாள்?" என்றான் மகன்.

"ஜோடி லீவு போட்ட மாணவிங்க யாராவது கூட நின்னிருப்பாங்க."

"அப்ப மத்த நாற்பத்தொரு நாளும் அவ உள்ள தனியா நின்னு செஞ்சிருக்கா. நீங்க வரலைன்னு போட்டிருக்கீங்க."

"செஞ்சிருக்கலாம், தம்பி. பதிவு இல்ல."

அடுத்து ஆலோசகரின் குறிப்பை வாசித்துக் காட்டினாள். மகள் நான்கு மாதத்துக்கு முன் கல்லூரி ஆலோசகரிடம் போயிருக்கிறாள். அது வீட்டுக்குத் தெரியாது. தூக்கம் வருவதில்லை என்றிருக்கிறாள். பின்னால் யாராவது சிரித்தால் எழுதுவது நின்றுவிடுகிறது என்றிருக்கிறாள். அவள் உட்கார்ந்தால் பக்கத்துப் பைகள் நகர்கின்றன, ஜன்னலைத் திறக்கிறார்கள், 'கால்வாய் வந்தாச்சு' என்கிறார்கள் என்றிருக்கிறாள். ஆலோசகர் கடைசியில் எழுதியிருந்தார்: மாணவி பிறருடன் பழகுவதில்லை. பழக முயற்சி எடுக்கும்படி அறிவுரை கூறப்பட்டது.

"அவளுக்கு மனசு சரியில்லம்மா. அவளுக்கு இங்க கஷ்டம்" என்றாள் துறைத்தலைவி. குரல் இன்னும் இறங்கியது. ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு படிவத்தைத் திருப்பி வைத்தாள். "விருப்ப விலகல். நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா சான்றிதழ்ல ஒண்ணும் வராது. வேற எங்கயாவது சேர்ந்துக்கலாம். போடலைன்னா வருகைக் குறைவுன்னு நீக்கம். அது கடைசி வரைக்கும் கூட வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

படிவத்தில் ஒரு வரி: என் மகளின் மனநிலையைக் கருதி, என் சொந்த விருப்பத்தின் பேரில்.

அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"மனசு சரியில்லாம இங்க வந்தாளா? இல்ல, இங்க வந்து சரியில்லாம போச்சா?"

"அது எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லம்மா."

"நான் அவளைப் பார்க்கணும்."

"லேப்ல இருப்பா" என்று வாயில் வந்துவிட்டது துறைத்தலைவிக்கு. சொன்ன பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திருகினாள்.

*

அண்ணன்தான் லேப்புக்குப் போனான். அம்மா அந்தப் படிவத்தோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். நீளமான மேஜைகள், மேஜைக்கு நான்கு பேர். எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று பேசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் வேலை செய்தார்கள். மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அங்கே அவன் தங்கை.

இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது. ஒருத்தி குழாயைத் திருக வேண்டும், ஒருத்தி குடுவையை ஆட்ட வேண்டும். நிறம் மாறும் நொடியில் ஒருத்தி நிறுத்த வேண்டும், ஒருத்தி எழுத வேண்டும். தங்கை இடது கையால் திருகினாள். வலது கையால் குடுவையை ஆட்டினாள். பென்சிலைப் பல்லில் கடித்திருந்தாள். நிறம் மாறியதும் குழாயை மூடி, குடுவையை வைத்து, பென்சிலை எடுத்து எழுதினாள். வேகமாக, சுத்தமாகச் செய்தாள். நாற்பத்தொரு நாள் பழக்கம்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவளைப் பார்த்து அல்ல, வேறு எதற்கோ. அவள் பென்சில் நின்றது. சிரிப்பு அடங்கும் வரை அசையாமல் நின்றுவிட்டு, மீண்டும் எழுதினாள்.

"யாரு வேணும்?"

பக்கத்துச் சின்ன ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு தலை. கண்ணாடிச் சாமான் அறைக்காரர். குடுவையும் குழாயும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவர். பக்கத்தில் பாதி காலியான டப்பா ஒன்று திறந்திருந்தது. அண்ணனுக்கு அந்த டப்பாவைத் தெரியும். மூடியில் நசுங்கல் அவன் போட்டது.

"அது எங்க வீட்டு டப்பா" என்றான்.

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "அறுபத்தாறோட அண்ணனா? தினமும் ரெண்டு கொண்டு வருது. ஒண்ணை என்கிட்ட குடுத்துடும். கீழே கொட்ட மனசு வரலையாம்." கொஞ்சம் யோசித்து, "உப்பு ஒரு சிட்டிகை கம்மி. அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லாதே."

"வாத்து நீங்கதானா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல." அண்ணன் ஜன்னலில் கையை ஊன்றினான். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு நீள ஆணி. ஆணியில் குத்திய சீட்டுகள். "அது என்ன?"

"கண்ணாடிச் சீட்டு. சாமான் வாங்கறவங்க பேர், தேதி, கையெழுத்து."

"அவளும் போடுவாளா?"

"போடாம குடுப்பேனா?" சொல்லிவிட்டுத்தான் அவருக்குக் கேள்வி புரிந்தது. ஜன்னல் கதவைப் பாதி சாத்தினார். "தம்பி, எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம். நான் சாமான் குடுக்கறவன், திரும்ப வாங்கறவன். அவ்வளவுதான்."

"நாற்பத்தொரு நாள் வந்தான்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எத்தனையோ தெரியும். எட்டு மாசம், தம்பி." கதவு முழுக்கச் சாத்திக்கொண்டது.

எதிர்பார்த்ததுதான். டப்பா தின்றால் வாய் திறக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

*

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகு தங்கை கடைசியாக வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்திலேயே எல்லாம் இருந்தது போலிருக்கிறது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"ம்."

"எப்படி?"

"வலது கை."

அவள் தன் கையைப் பார்த்தாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல ஒரு நாள்தான் சொன்னேன்" என்றாள். "லேப் எப்படின்னு அம்மா கேட்டாங்க. யாரும் ஜோடி சேரலைன்னு சொல்ல வாய் வரல. ஒருத்தி இருக்கான்னு சொன்னேன். அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. மறுநாள் ரெண்டு டப்பா. அப்புறம் எப்படி நிறுத்தறது? பஸ்ல வரப்பவே யோசிப்பேன், வாத்து இன்னைக்கு என்ன பண்ணா, என்ன சொன்னான்னு. அந்த நேரம் மட்டும்தான் எனக்கு நல்லா இருக்கும்."

"பஸ் அஞ்சு மணிக்கே வந்துடுதே. நீ ஆறு மணிக்குத்தான் வர."

"கால்வாய்ப் பாலத்துல இறங்கிக் கொஞ்ச நேரம் நிப்பேன்."

"எதுக்கு?"

அவள் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அண்ணன் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவள் பையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பது போல.

"நாளையிலேருந்து அந்த ஸ்டாப்புல நான் நிக்கறேன்" என்றான். "சொல்லிட்டேன். வேணாம்னு சொன்னாலும் நிப்பேன்."

"நீ அப்பத்தானே தூங்குவ?"

"தூங்கினது போதும்."

"அண்ணா, நீ ஏன் காலேஜை விட்ட?"

"படிப்பு ஏறல."

"பொய்."

அவன் ஷூ நுனியைப் பார்த்தான். "எங்க காலேஜ்ல தொட்டி கிடையாது. கடைசி பெஞ்ச்தான்."

"வீட்ல சொல்லியிருக்கலாம்ல? எனக்காவது?"

 படிப்பு ஏறாதவன் என்ற பெயரை ஐந்து வருஷமாகச் சுமந்தது அவனுக்கு வீரமாகத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது வெறும் முட்டாள்தனமாகத் தெரிந்தது.

*

மூன்றரை மணி. வராந்தா பெஞ்சில் அம்மா நடுவில், படிவம் மடியில்.

"கையெழுத்துப் போட்டுடும்மா" என்றாள் மகள்.

அண்ணன் திரும்பினான். "என்ன பேசற? அவங்க பண்ணதுக்கு..."

"நீ சும்மா இரு. தினமும் உள்ள போறது நானா நீயா?" அவள் குரல் உயரவில்லை. களைத்த குரல். "எனக்கு முடியலம்மா. காலையில கேட் தெரிஞ்ச உடனே திரும்பி ஓடிடலாம்னு இருக்கு. படிச்சது கண்ணுல நிக்க மாட்டேங்குது. என்னைப் போக விடு."

அம்மா மடியிலிருந்த படிவத்தை நீவிவிட்டாள். காலையிலிருந்து சண்டைக்குத் தயார் பண்ணி வைத்த வார்த்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன. சண்டை போட வேண்டிய ஆள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு போக விடு என்கிறாள்.

"சரி. போகணும்னா போ. இழுத்துப் பிடிக்க மாட்டேன்" என்றாள். "ஆனா உனக்குத்தான் பைத்தியம்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

துறைத்தலைவியின் அறைக்குள் போனார்கள். இந்த முறை அம்மா கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். 'என் மகளின் மனநிலையைக் கருதி' என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். நேராக அடித்தாள், கத்தரிக்குக் கோடு போடுகிற கை. மேலே எழுதினாள்:

என் மகள் தினமும் வந்தாள். ஜோடி சேர யாரும் வரவில்லை. கல்லூரி சேர்த்துவிடவில்லை.

அதன் கீழே கையெழுத்து.

துறைத்தலைவி படித்தாள். முதல் தடவையாக அவள் குரலில் நல்ல விதம் இல்லை.

"இப்படி எழுதினா நான் வாங்க முடியாது."

"நீங்கதானே காரணம் கேட்டீங்க?"

"இதுக்கு ஆதாரம் இருக்கா? இல்லைன்னா திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடும். நீக்கம்தான். நான் எவ்வளவோ உதவி பண்ணப் பார்த்தேன்."

"உங்க கோட்ல ரெண்டாவது பொத்தான் விட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தாள். கிண்டலாகச் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டில் கண்ணாடி அறைக்காரர் நின்றிருந்தார். யாரையும் பார்க்காமல் டப்பாவை அண்ணன் கையில் திணித்தார். "கழுவி வச்சிருக்கேன்" என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

*

மணி ஐந்தே முக்கால். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அண்ணன் டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்தான். ஒன்று காலி. மற்றதில் ஏதோ சரசரத்தது.

மூடி இறுகியிருந்தது. கத்தி நுனியால் நெம்பித் திறந்தான். உள்ளே ஈரம் படாமல் பாலிதீனில் சுற்றிய சீட்டுக் கட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணித் துளை. ஒவ்வொன்றிலும் தேதி, 66, தங்கையின் கையெழுத்து. மேலே ஒரு துண்டுத் தாள்: என் பேர் வரக் கூடாது.

அவன் தரையில் பரப்பி எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

"நாற்பத்தொண்ணு! அம்மா, நாற்பத்தொண்ணும்மா! ஒரு நாள் கூட விட்டுப் போகல. திங்கட்கிழமை மாட்டினாங்க!"

அம்மா மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள். சீட்டுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மாறியது. "யாரு குடுத்தாங்கன்னு கேட்டா என்னடா சொல்றது?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். நீக்க முடியாதுல்ல? திரும்ப உள்ள விட்டே ஆகணும்ல?"

மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாத்தின் கோட் அவள் மடியில் இருந்தது. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். பருவத்தின் முதல் வாரத்துத் தேதி, கையெழுத்து உருண்டையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். போன வாரத்துச் சீட்டு. கையெழுத்து கோடு மாதிரி இழுபட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்போ நான் திரும்பவும் அங்க போகணுமா?" என்றாள்.

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.